பழைய சகலை, புதுச் சகலை

வழிகாட்டும் கருவி காட்டியதை நம்பினால், அன்று காலை ஏழு மணிக்குக் கல்ஃபானின் படகு ஏதோ ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் நின்றுகொண்டிருந்தது.

எங்களைச் சுற்றிலும் கடல். தெற்கே கறுப்பு மலை, மேற்கே கறுப்பு மலை. ஜூன் மாதப் புழுக்கத்தில், வேர்வை கண்ணில் இறங்க, நடுவே இரண்டு மடையர்கள்.

"டிக்கெட் எடுத்தாச்சா சகலை?" என்றேன்.

"வாய மூடு யாகூப்."

"இல்ல, பறந்துருச்சுன்னா பாஸ்போர்ட் கேப்பான். நான் கொண்டாரல."

கல்ஃபான் கருவியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். திரையில் படகுக் குறி துள்ளி எழுந்து, ஓடுபாதையைத் தாண்டிப் பாலைவனத்தில் போய் உட்கார்ந்தது.

"இப்ப ஒட்டகம் மேய்க்க அனுப்பிட்ட."

அவன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை.

அவனுடைய நாற்பது கூடுகள் எங்கள் காலுக்குக் கீழே எங்கேயோ கிடந்தன. ஓர் ஆள் குந்தி உட்காரக்கூடிய அளவுக் கம்பிக் கூடுகள். பத்துப் பத்தாகக் கயிற்றில் கோத்து நாலு வரிசை. மிதவை கிடையாது. எங்கள் பக்கம் கூட்டுக்கு மிதவை கட்டுவதும் திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதும் ஒன்று. போட்ட இடம் கருவியில் எண்களாக இருக்கும். பெற்ற அப்பனிடம்கூட அந்த எண்களை எவனும் சொல்ல மாட்டான்.

நீரிணைக்கு அக்கரையில் குண்டு விழுந்த நாளிலிருந்து அந்த எண்களுக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. வானத்திலிருந்து வருகிற திசைக்கணக்கை யாரோ கலைத்துக்கொண்டே இருந்தார்கள். நீரிணையில் மாடி மாடியாக நிற்கும் எண்ணெய்க் கப்பல்களே போக்குத் தெரியாமல் வட்டமடித்தன. எங்கள் கஸப் துறைமுகத்துப் படகு எம்மாத்திரம்?

நாலு நாளைக்கு ஒருமுறை தூக்க வேண்டிய கூடுகள். தண்ணீருக்குள் கிடந்து பன்னிரண்டு நாளாயிற்று. உள்ளே மாட்டிய மீன் சாகும். அதைத் தின்ன நண்டு வரும். இன்னும் பத்து நாள் விட்டால் மணல் மூடிவிடும். அதற்குப் பிறகு கல்ஃபானிடம் படகு மட்டும்தான் மிஞ்சும். அவனிடம் கூலிக்கு இருந்த வங்காளத்து ஆள், அபாய மணி அடித்த மறுநாளே ஊருக்கு விமானம் ஏறிவிட்டான். அதனால்தான் ஐஸ் தொழிற்சாலைக்காரனான நான் அன்று படகில் இருந்தேன். என் ஐஸையும் வாங்க ஆளில்லை.

பாதாளக்கரண்டியைக் கடலில் விட்டு மூன்று மணி நேரம் இழுத்தோம். கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரி. கிடைத்தது ஒரு பழைய வலைத் துண்டு, ஒரு செருப்பு.

"ஒத்தச் செருப்பு. இன்னொண்ணையும் தேடுவோமா?"

"யாகூப், உன்னத் தள்ளிவிட்டுட்டுப் போயிருவேன்."

துறைமுகத்துக்குத் திரும்பினோம். அங்கேதான் வினை காத்திருந்தது.

ஜுமா மீன் இறக்கிக்கொண்டிருந்தான்.

*

ஜுமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குச் சகலை இரண்டு பேர். மனைவிக்குத் தங்கை ஒருத்திதான். கணக்கு இடிக்கிறதா? ஷம்ஸா முதலில் ஜுமாவைக் கட்டினாள். மூன்று வருடம் ஒத்துவரவில்லை. சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்தார்கள். பிறகு கல்ஃபானைக் கட்டினாள். மய்ஸா என்று ஏழு வயதில் ஒரு மகள். ஜுமாவும் வேறு கட்டி மூன்று பிள்ளை பெற்றுவிட்டான். எங்கள் ஊரில் இது ஒரு சங்கதியே இல்லை. பழைய மாப்பிள்ளையும் புது மாப்பிள்ளையும் ஒரே தட்டில் சோறு தின்பார்கள்.

கல்ஃபான் மட்டும் எட்டு வருடமாக ஜுமாவோடு ஒரே தட்டில் கைவைத்ததில்லை.

பொறாமைக்குக் காரணம் வேண்டுமா என்ன? ஜுமாவின் சுற்றுலா மரக்கலத்தில் மெத்தை போட்டிருந்தால் பொறாமை. வெள்ளைக்காரக் கிழவிகள் அவனோடு நின்று படம் எடுத்தால் பொறாமை. "டால்பினுக்கு விசிலடிச்சுப் பிழைக்கிறவன்" என்பான். கல்யாணமான புதிதில் ஒருநாள், ஜுமா சோற்றில் லூமி போட்டால் தின்ன மாட்டான், அந்தக் காய்ந்த எலுமிச்சையைப் பொறுக்கி ஓரம் தள்ளுவான் என்று ஷம்ஸா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். போச்சு. அன்றிலிருந்து அவள் எந்தச் சோற்றில் லூமி குறைத்தாலும் கல்ஃபானின் முகம் கறுத்துவிடும்.

சண்டை மூண்டு சுற்றுலாக் கப்பல்கள் நின்றுபோனபோது, ஜுமாவின் மரக்கலம் மெத்தையோடு துறைமுகத்தில் தூங்கியது. அந்த வாரம் கல்ஃபான் இரண்டு தடவை மீசையைத் தடவிக்கொண்டதை நான் பார்த்தேன். ஜுமா பழைய சிறு படகைத் துடைத்து, இருபது கூட்டை எடுத்துக்கொண்டு மறுபடி மீனுக்கு இறங்கினான். அவனுக்குக் கருவியே வேண்டாம். பன்னிரண்டு வருடம் பயணிகளுக்கு ஒவ்வொரு பாறையையும் காட்டிப் பேர் சொன்னவன். மலையை மலையோடு நேர் பிடித்துக் கடலில் இடம் குறிக்கிற கணியம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அன்று அவன் இறக்கியது எட்டுப் பெட்டி. களவாயும் விளமீனும்.

எல்லை தாண்டி ஒரே ஒரு லாரி வந்திருந்தது. வழக்கமாக ஒன்பது வரும். அக்கரையிலிருந்து ஆடு ஏற்றி வந்து சிகரெட் ஏற்றிப் போகிற வேகப் படகுகள் நிற்கும் இடம் வெறிச்சென்று கிடந்தது. லாரிக்காரன் பாதி விலை சொன்னான். ஜுமா தலையாட்டிக் கொடுத்துவிட்டான்.

கல்ஃபான் பெட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஒரு களவாயைத் தூக்கிப் பார்த்தான்.

"நல்ல களவா."

"அல்லா குடுத்தது," என்றான் ஜுமா.

"அல்லா குடுத்தானா, நான் குடுத்தேனா?"

நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தேன்.

*

பகல் சோற்றுக்கு உட்கார்ந்தோம். உள்ளறையில் மய்ஸாவின் பள்ளிக்கூடம் போனுக்குள் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் ஏதோ பாட்டுச் சொல்ல, அவள் வேண்டாவெறுப்பாகத் திருப்பிச் சொன்னாள். என் மனைவி ரய்யாவும் ஷம்ஸாவும் சமையலறை வாசலில்.

"கெடச்சுதா?" என்றாள் ஷம்ஸா.

"செருப்பு கெடச்சுது," என்றேன்.

"எந்தப் பக்கம் தேடுனீங்க மச்சான்?"

"அவனுக்கே தெரியல. ஊசி தேடுற மாதிரி."

அவள் தண்ணீர்ச் செம்பைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "ஒட்டகத் திமில் மலைக்கு நேர் கீழ வெள்ளைத் தழும்பு வரணும். வந்துட்டா அந்தக் கோட்டுலயே வெளியே போகணும். போய்க்கிட்டே இருந்தா..."

கல்ஃபானின் கை தட்டிலேயே நின்றது.

"என்ன சொன்ன?"

"கணியம் சொல்றேன்."

"கணியம்னு உனக்கு எவன் சொன்னான்?"

ரய்யா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன்.

"முழுசாக் கேளு, மய்ஸா அப்பா. அந்தக் கோட்டுல போய்க்கிட்டே இருந்தா..."

"நிறுத்து! பொம்பளைக்குக் கணியம் எப்படித் தெரியும்? நீ கூடு போட்டியா? படகு ஓட்டுனியா? இந்த ஊர்ல வாயால கணியம் சொல்லிக்கிட்டுத் திரியுறவன் ஒருத்தன்தான்."

"யாரு?"

"உனக்குத் தெரியாதா யாருன்னு?"

ஷம்ஸா எழுந்தாள். முக்காட்டு நுனியால் கையைத் துடைத்தாள். அவள் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எட்டு வருஷம் என் கையால தின்னுட்டுக் கேக்குற கேள்வி இது. நான் சொல்ல வந்தத நீ கேக்கல. இனி நான் சொல்லப்போறதில்ல. நீயே யோசி."

"அவன் வாயில வந்த கணியத்துல என் கூட்டத் தூக்குறதுக்கு, கூடு மண்ணாப் போகட்டும்."

"போகட்டும்."

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. அவன் பாதிச் சோற்றில் எழுந்தான். நான் எழவில்லை. நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு அன்று நன்றாக இருந்தது.

"மச்சான், போய்த் தடுங்க. எங்கயோ போறாரு," என்றாள் ரய்யா.

போனேன். தாமதமாகிவிட்டது.

*

ஏலக் கொட்டகையில் முப்பது பேருக்கு நடுவே நின்று அவன் சொல்லிவிட்டான். ஜுமா தன் கூடுகளைத் தூக்குகிறான். தன் மீனை விற்கிறான். திருடன்.

எங்கள் பக்கம் வேறு எந்தத் திட்டுக்கும் மன்னிப்பு உண்டு. அடுத்தவன் கூட்டில் கைவைத்தவன் என்ற சொல்லுக்கு மட்டும் கிடையாது.

ஜுமா தராசிலிருந்து தலையை நிமிர்த்தினான். "கல்ஃபான், உன் கூடு எங்க கெடக்குன்னு உனக்கே தெரியலன்னு ஊரு பூரா பேச்சு. எனக்கு எப்படிப்பா தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும், வழக்கு கடல் பஞ்சாயத்துக்குப் போக.

பஞ்சாயத்து மூப்பர் உபைத் அதிகம் பேசாதவர். தன் வீட்டு முன்னறையில் இருவரையும் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். பேரீச்சை கொடுத்தார். பிறகு வழக்கத்தைச் சொன்னார்.

"புகார் சொன்னவன் இடத்தக் காட்டணும். எல்லாரும் போய்த் தூக்கிப் பார்ப்போம். கதவு முடிச்ச அவுத்துக் கட்டியிருந்தா ஜுமா திருடன், அவன் படகு கரையேறும். முடிச்சு கலையாம இருந்தா, புகார் சொன்னவன் ஆடு அறுத்து, தன் வீட்டுல வச்சு ஜுமாவுக்குச் சோறு போட்டு, நெத்தியில முத்தம் குடுக்கணும்."

"சரி," என்றான் கல்ஃபான்.

"முழுசாக் கேளு. இடத்தையே காட்ட முடியலன்னா புகாரும் இல்ல, கூடும் இல்ல. இன்னார் பொருள்னு காட்ட முடியாதது கடலுக்குச் சொந்தம். எவன் கொக்கியில மாட்டுதோ அவன் எடுத்துக்கலாம். நாளை மறுநாள் காலையில."

திரும்பும்போது அவனிடம் கெஞ்சினேன். "ஷம்ஸாகிட்ட மீதியக் கேளு. காலப் புடிச்சாவது கேளு."

"கேக்க மாட்டேன்."

"நாப்பது கூடுடா!"

"யாகூப், அவ வாயில அவன் வார்த்தை. நீயா இருந்தா?"

ரய்யா என்னைத் தவிர யாரையும் கட்டியதில்லை. என்னைக் கட்டியதற்கே இன்னும் வருத்தப்படுகிறாள்.

*

மூப்பரின் படகில் நாலு பேர். மூப்பர், கல்ஃபான், ஜுமா, நான். பின்னால் வேடிக்கை பார்க்க ஆறு படகு. வேலையில்லாத ஊரில் வேடிக்கைக்குத்தான் கூட்டம்.

மேலே கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று ஈயைப்போல இரைந்துகொண்டு போயிற்று. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு போர்க்கப்பல் நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் கல்ஃபானைத்தான் பார்த்தார்கள்.

அவன் மனதில் பட்ட இடத்தைக் காட்டினான். கரண்டி விட்டோம். மணல். இன்னொரு இடம். மணல். வெயில் ஏறியது. மூப்பரின் கருவியிலும் படகு ஓடுபாதையில் நின்றது.

மூப்பர் ஜுமாவின் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது தோணுதா?"

ஜுமா கையை விரித்தான். "மூப்பரே, என்னைக் கேக்காதீங்க. சரியாச் சொல்லிட்டா நான் திருடன். தப்பாச் சொன்னா, வேணும்னே அவன் கூட்டத் தொலைச்சவன். நான் ஊமை."

நியாயம்தான். மூப்பர் கரண்டிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்தால் வழக்கு முடிந்தது. நாற்பது கூடும் ஊருக்குப் பொது.

நான் கல்ஃபானின் காதருகே குனிந்தேன். "அவ சொன்ன பாதியையாவது சொல்லு."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கயிறு கால்வாசி ஏறியது. பாதி ஏறியது.

"இருங்க," என்றான் கல்ஃபான். அவன் மூப்பரைப் பார்த்துப் பேசவில்லை. ஜுமாவின் முகத்தைப் பார்த்தே பேசினான். அந்த முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தால் போதும், எட்டு வருடச் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்துவிடும். "ஒட்டகத் திமில் மலைக்கு நேர் கீழ வெள்ளைத் தழும்பு வரணும்."

ஜுமாவின் முகம் அசையவில்லை.

மூப்பர் சுக்கானைத் திருப்பினார். திமில் மலைக்குக் கீழே, பாறை சரிந்த வெள்ளைத் தழும்பு மெல்ல நகர்ந்து வந்து நின்றது. அந்தக் கோட்டிலேயே படகு வெளியே போயிற்று.

"எவ்வளவு தூரம்?" என்றார் மூப்பர். "ஒரு கோடு போதாதுப்பா. எங்க நிக்கணும்? கிழக்க என்ன அடையாளம்?"

கல்ஃபான் கிழக்கே பார்த்தான். பருந்துப் பாறை கடலில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து, படகு நகர நகர, ஒரு குட்டித் தீவு எட்டிப் பார்த்தது. அவன் வாய் தானாகத் திறந்தது.

"போய்க்கிட்டே இருந்தா... மாமியார் மூக்குல சொட்டு விழும். அங்க."

"எதுல?" என்றார் மூப்பர்.

"மாமியார் மூக்கு."

ஜுமா முதல் தடவையாக ஊமை விரதத்தைக் கலைத்தான். "மாமியார் மூக்கா? அப்படி ஒரு பாறையா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பருந்துப் பாறையின் நுனியை இந்தத் திசையிலிருந்து பார்த்தால், வளைந்து, நடுவே முடிச்சு விழுந்து, அச்சு அசல் எங்கள் மாமியாரின் மூக்கு. அல்லா அவளுக்குச் சொர்க்கத்தைக் கொடுக்கட்டும், பனிக்காலம் முழுவதும் அந்த மூக்கு ஒழுகும். நுனிக்கு நேர் கீழே அந்தக் குட்டித் தீவு வந்து நிற்கும்போது, சொட்டு விழப்போகிற மாதிரியே இருந்தது.

என்னால் அடக்க முடியவில்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜுமாவும் பார்த்தான். அவனுக்கும் மூன்று வருடம் மாமியாராக இருந்தவள்தானே. "அடப்பாவி! அதே மூக்கு! பன்னெண்டு வருஷமா இந்தப் பக்கம் போறேன், எனக்குத் தோணலியே. எவன் வச்ச பேருடா இது?"

கல்ஃபான் மட்டும் சிரிக்கவில்லை. குறுக்குப் பலகையில் மெதுவாக உட்கார்ந்தான்.

"நான் வச்சது," என்றான். எங்களிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "கல்யாணமான புதுசுல. கருவி வாங்கல அப்ப. சோறு திங்கும்போது சொல்லுவேன், இன்னைக்கு இங்க போட்டேன், அங்க போட்டேன்னு... இதச் சொன்னப்ப சிரிச்சா. பொரையேறுற அளவுக்குச் சிரிச்சா. ஆத்தாவ இப்படிச் சொல்றியேன்னு அடிச்சா."

"அப்புறம்?" என்றார் மூப்பர்.

"கருவி வாங்கிட்டேன். இடம் அதேதான், பேரு போயி நம்பராயிருச்சு."

அதற்குப் பிறகு அவன் சோற்றில் உட்கார்ந்து கடலைப் பற்றிப் பேசியதில்லை. எனக்குத் தெரியும். ரய்யா சொல்லியிருக்கிறாள்: உங்கள் சகலை வாயில் இப்போதெல்லாம் உப்புக்கும் புளிக்கும் மட்டும்தான் பேச்சு வருகிறது என்று.

சொட்டு விழும் இடத்தில் கரண்டியை விட்டோம். நாலே இழுப்பு. கயிறு விறைத்தது.

முதல் கூடு மேலே வந்தபோது நாற்றத்தில் எல்லோரும் மூக்கைப் பொத்தினோம். செத்த மீன், அதன் மேல் நண்டு. அடியில் இரண்டு களவாய், உயிரோடு, வாயைத் திறந்து எங்களைத் திட்டின. மூப்பர் கதவு முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். பாசி படிந்த முடிச்சு. பதினாலு நாளாக எந்தக் கையும் பட்டதில்லை. அடுத்த கூடு, அதற்கடுத்தது. அந்தக் கோட்டிலேயே நாலு வரிசையும் கிடந்தன. எல்லா முடிச்சும் கலையாமல் இருந்தன.

"அறுக்க ஒரு ஆடு பாரு," என்றார் மூப்பர்.

கூடுகளை இழுத்து மற்றப் படகுகளிலும் ஏற்ற ஜுமாவும் கை கொடுத்தான். கடைசிக் கூடு ஏறியதும், வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"யாகூப்பு, அவ என்கிட்ட ஒருநாள்கூடக் கடலப் பத்திக் கேட்டதில்ல," என்றான் தணிந்த குரலில். "நானும் சொன்னதில்ல. வந்தவன் போனவனுக்கெல்லாம் சொல்லியிருக்கேன்."

அவன் கல்ஃபானின் முதுகைப் பார்த்த பார்வை எனக்குப் புதிதல்ல. எட்டு வருடமாகக் கல்ஃபானின் கண்ணில் பார்த்ததுதான். ஆள்தான் மாறியிருந்தது.

*

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து விருந்து. கல்ஃபான் ஊரறிய ஜுமாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். கசாயம் குடிக்கிறவன் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தான்.

அதைவிடப் பெரிய சோதனை அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே அவன் சமையலறை வாசலைச் சுற்றிச் சுற்றி வந்தான். என்ன போடுகிறாள், என்ன போடவில்லை? ரய்யா இரண்டு தடவை துரத்திவிட்டாள்.

"என்னடா உனக்கு? கூடு கெடச்சுது, மானம் பாதியாவது மிஞ்சுச்சு. இன்னும் என்ன?" என்றேன்.

"லூமி போடுவாளா, மாட்டாளா?"

"போட்டா?"

"அவன மறந்துட்டா."

"போடலன்னா?"

அவன் மறுபடி சமையலறை வாசலுக்குப் போனான்.

பெரிய தாம்பாளத்தை நான்தான் முன்னறைக்குத் தூக்கி வந்தேன். மூடியைத் திறந்தார்கள். ஆட்டுக்கறி, அரிசி, பொரித்த வெங்காயம். அதற்கு நடுவே கறுப்பு கறுப்பாக லூமி. ஒன்று இரண்டல்ல, பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

கல்ஃபானின் முகம் மலர்ந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக ஜுமாவின் தோளைத் தட்டி, "தின்னுங்க சகலை," என்றான்.

ஜுமா தின்றான். கை போகிற வழியில் லூமி தட்டுப்பட்டால் எடுத்துத் தாம்பாளத்தின் ஓரத்தில் வைத்தான். ஒன்று. இரண்டு. மூன்று.

கல்ஃபானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனான். நான் இன்னொரு தாம்பாளம் எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

"ஷம்ஸா," என்றான், இரகசியம் போல. "அவன் லூமி திங்க மாட்டானே. மறந்துட்டியா?"

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"மறக்கல. நீ திங்கிறவன்ல?"

அவன் நின்றான். செம்பில் தண்ணீர் நிரம்பி வழிந்து காலில் கொட்டியது. அவன் குனிந்து பார்க்கவில்லை.

"அப்ப," என்றான் மெதுவாக, "ஞாபகம் இருக்கு."

ரய்யா தலையில் அடித்துக்கொண்டாள். ஷம்ஸா திரும்பினாள். கையில் அகப்பை. ஒரு நிமிடம் அது அவன் மேல் பறக்கும் என்றே நினைத்தேன்.

"மாமியார் மூக்கும் ஞாபகம் இருக்கு," என்றாள். "போ. சோறு ஆறுது."

அவன் முன்னறைக்குத் திரும்பி உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து அறையிலிருந்த எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் அலறின. நீரிணையில் ஏதோ நடக்கிறது, கரையை விட்டுப் போகாதீர்கள். மூப்பர் போனைக் கவிழ்த்து வைத்தார். ஒருவரும் எழுந்து கையைக் கழுவவில்லை.

கல்ஃபான் தாம்பாளத்தைப் பார்த்தான். ஜுமாவின் ஓரத்தில் ஆறு லூமி சேர்ந்திருந்தன. கை நீட்டி, ஒவ்வொன்றாக, ஆறையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கசப்போடும் புளிப்போடும், கொட்டையைக்கூடத் துப்பாமல், ஜுமாவைப் பார்த்துக்கொண்டே மென்றான்.